புதியவர்களுக்கு வாலிபால் ஏன் கடினமாகத் தெரிகிறது? உள்ளூர் கிளப்கள் என்ன செய்யலாம்?

கால்பந்து ஆட முதன்முறை வந்த பையன் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு யோசிக்கலாம். கூடைப்பந்தில் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்க்கலாம். வாலிபாலில் அந்த அவகாசம் கிடையாது. பந்து கைக்கு வந்த கணமே கிளம்பிவிட வேண்டும். பிடித்தால் தவறு, விழவிட்டால் புள்ளி போச்சு. இந்த இரண்டு கட்டுப்பாடும் சேர்ந்துதான் புதியவரைத் திணறடிக்கின்றன.

அதனால்தான், இதுவரை பந்தையே தொடாத பன்னிரண்டு பேரை முழு மைதானத்தில் ஆறுக்கு ஆறாக நிறுத்தி "ஆடுங்கள்" என்று விட்டால் ஆட்டமே நடப்பதில்லை. சர்வீஸ் வலையில் போய் முட்டும், இல்லாவிட்டால் வெளியே போகும். தப்பித்தவறி உள்ளே விழுந்தால், எடுக்க முயன்றவரின் கையில் பட்டு எங்கோ பறக்கும். ஒருவர் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவர, மற்ற பதினொரு பேரும் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். ஒரு மணி நேரத்தில் பந்தை அதிகம் தொட்டது சர்வீஸ் போட்டவர்கள்தான். மூலையில் நிற்கும் கூச்சமான பெண்ணுக்குப் பந்து வந்ததே இரண்டோ மூன்றோ முறை, அதையும் தவறவிட்டிருப்பாள். "எனக்கு இது வராது" என்ற முடிவோடு வீட்டுக்குப் போவாள், அடுத்த வாரம் வரமாட்டாள். விளையாட்டு அவளுக்குப் பிடிக்காமல் போனது என்று சொல்வது சரியல்ல. அவள் விளையாடவே இல்லை.

உள்ளூர் கிளப் ஒன்று புதியவர்களுக்காகச் செய்யும் எதையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்: இந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் பந்தை எத்தனை முறை தொட்டார்கள், பந்து எத்தனை முறை வலையைத் தாண்டித் திரும்பி வந்தது? வலையின் உயரம், பந்தின் எடை, அணியில் எத்தனை பேர் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

இதைச் சொன்னால் சிலருக்கு ஒரு தயக்கம் வரும். விதியை வளைத்துச் சொல்லிக்கொடுத்தால் அது உண்மையான வாலிபால்தானா? விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் ஜி. மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் 1891-இல் பிறந்த கூடைப்பந்து அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் மோர்கனின் மாலை வகுப்புக்கு வந்த நடுத்தர வயது வியாபாரிகளுக்கு அந்த ஓட்டமும் மோதலும் ஒத்துவரவில்லை. அவர்களுக்காக அவர் டென்னிஸ் வலையைச் சற்று உயர்த்திக் கட்டினார். அதன் உயரம் ஆறடி ஆறங்குலம், ஏறத்தாழ 1.98 மீட்டர். ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். முதல் சர்வீஸ் தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. 'மின்டனெட்' என்று அவர் வைத்திருந்த பெயரும் அடுத்த ஆண்டே மாறிவிட்டது.

அதாவது, வாலிபால் பிறந்ததே தொடக்கநிலை ஆட்டமாகத்தான். ஒரு உள்ளூர் மன்றத்தில், விளையாட்டு வீரர்கள் அல்லாதவர்களுக்காக உருவான ஆட்டம் அது. இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் விதிகள் எல்லாம் ஆடுபவர்கள் தேறத் தேற ஒவ்வொன்றாக வந்தவை. ஒருவர் பந்தைத் தூக்கிவிட இன்னொருவர் ஓங்கி அடிக்கும் முறை 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் உருவானது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் என்பது 1918-இலும், மூன்று தொடுதலுக்குள் பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 1920-இலும் வந்தன. சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு பாரிஸில் தொடங்கியது 1947-இல்தான். இவ்வளவு காலம் எடுத்து இறுகிய விதிகளை, நேற்று வந்த பத்து வயதுப் பிள்ளையிடம் முதல் நாளே முழுசாக எதிர்பார்ப்பது நியாயமா? மோர்கன் தொடங்கிய இடத்திலிருந்து அந்தப் பிள்ளையையும் தொடங்கவிட வேண்டும்.

சில நாடுகள் இதைத் திட்டமாகவே செய்கின்றன. நெதர்லாந்தில் சிறுவர் வாலிபால் படிப்படியாக நகர்கிறது. முதல் படியில் அடிப்பதே இல்லை. பந்தை வலைக்கு மேலே எறிவது, வந்த பந்தைப் பிடிப்பது, அவ்வளவுதான். தவறவிட்டவர் களத்துக்கு வெளியே போவார், அணித்தோழர் பந்தைப் பிடித்ததும் திரும்ப உள்ளே வருவார். படி ஏற ஏறப் பிடிப்பது குறைந்து, தட்டுவதும் பாஸ் கொடுப்பதும் சேர்கின்றன. ஜப்பானில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பந்தே வேறு. பெரியவர்களின் பந்து 260 முதல் 280 கிராம் எடை, சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். சிறுவர்களின் பந்து 210 கிராம், 63 சென்டிமீட்டர். மைதானமும் 18-க்கு 9 மீட்டர் இல்லை, 16-க்கு 8 மீட்டர். வலை இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். உலக அளவில் ஜப்பான் எவ்வளவு கடினமாகப் பயிற்சி எடுக்கும் நாடு என்பதை நினைத்துப் பார்த்தால், பிள்ளைகளுக்காக ஆட்டத்தைச் சிறிதாக்குவதில் தரம் ஒன்றும் குறைந்துவிடாது என்பது விளங்கும்.

சரி, இவ்வளவு வசதி இல்லாத ஒரு சாதாரணக் கிளப்? ஒரே ஒரு மைதானம், இரண்டு கம்பம், ஒரு வலை. இதை வைத்தே நிறையச் செய்யலாம். வலையைக் குறுக்காகக் கட்டாமல், மைதானத்தின் நீளவாக்கில் ஒரு நீண்ட கயிற்றையோ நாடாவையோ இழுத்துக் கட்டுங்கள். 18 மீட்டர் நீளத்தை நான்காகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 4.5 மீட்டர் அகலத்தில் நான்கு சின்னக் களங்கள் கிடைக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் 4.5 மீட்டர், அந்தப் பக்கம் 4.5 மீட்டர். மூன்றுக்கு மூன்று ஆடினால் ஒரே நேரத்தில் 24 பேர் களத்தில் இருப்பார்கள், நான்கு பந்துகள் காற்றில் இருக்கும். அதே இடத்தில் வழக்கமான முறையில் 12 பேரும் ஒரு பந்தும்தான். கயிறு தொய்ந்தாலும் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிய அதில் துணிக் கீற்றுகளைக் கட்டிவிட்டால் போதும்.

மூன்று பேர் என்ற எண்ணிக்கையிலும் ஒரு நன்மை இருக்கிறது. ஒருவர் எடுக்க, ஒருவர் தூக்கிவிட, ஒருவர் அனுப்ப என்று வாலிபாலின் மூன்று வேலைகளும் அதில் அடங்கிவிடுகின்றன. ஒளிந்து நிற்க மூலையே இருக்காது.

வலை உயரத்தில் கிளப்கள் காட்டும் பிடிவாதம் எனக்குப் புரிவதே இல்லை. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது வளர்ந்த, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான அளவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வலை ஒரு சுவர். பந்தை அதற்கு மேலே தள்ளவே முழுப் பலமும் போய்விடும், நிதானமாகக் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. கையை உயர்த்தினால் விரல் நுனி வலையின் மேல்விளிம்பைத் தொடும் அளவில் கட்டிப் பாருங்கள். அதே பிள்ளைகள் அன்றைக்கே ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது அண்டர்ஹேண்ட் பாஸை, அதாவது முன்கைகளால் பந்தைக் கீழிருந்து எழுப்புவதை, கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புதியவர் ஒருவரிடம் "கையைச் சேர்த்து வைத்து அடி" என்று மட்டும் சொன்னால் அவர் கையை வீசுவார், பந்து தலைக்குப் பின்னால் போகும். உண்மையில் அங்கே வீசுவதற்கு வேலையே இல்லை. ஒரு கையின் விரல்கள் மேல் மறுகையின் விரல்களை வைத்து, இரண்டு கட்டைவிரல்களையும் அக்கம்பக்கமாக இணைத்து, முழங்கை மடங்காமல் நீட்டி, மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் முன்கைகள் இரண்டும் சேர்ந்து ஒரு தட்டையான பரப்பாகும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையில் பந்து பட வேண்டும். அந்தப் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பந்து போகும். அதற்கு வேண்டிய விசை முழங்காலை மடக்கி நிமிர்வதில் வந்துவிடும்.

ஆனால் இவ்வளவையும் சொல்லிக்கொடுத்த பின்னும் பந்து தாறுமாறாகத்தான் போகும். ஏனென்றால் தவறு பெரும்பாலும் கையில் இல்லை, காலில் இருக்கிறது. புதியவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பந்தை நோக்கிக் கையை மட்டும் நீட்டுகிறார். பந்து பக்கவாட்டில் படுகிறது, பக்கவாட்டிலேயே போகிறது. முதலில் பிடிக்கச் சொல்வதன் பயன் இங்கேதான் தெரியும். பந்தைத் தட்டாதே, இடுப்புக்குக் கீழே, உடம்புக்கு நேர் முன்னால் வைத்துப் பிடி என்று சொல்லுங்கள். அப்படிப் பிடிக்க வேண்டுமென்றால் பந்து வரும் இடத்துக்கு முன்கூட்டியே போய், முழங்காலை மடக்கி நின்றாக வேண்டும். பத்து நிமிடம் இப்படிப் பிடித்தவரிடம், "அதே இடத்தில் நில், பிடிக்காமல் கையை மட்டும் வை" என்றால் பந்து நேராக எழும்பும். அந்த முதல் நேரான பந்தைப் பார்க்கும்போது முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே பல பயிற்சியாளர்கள் வருடக்கணக்கில் மாலை நேரத்தைக் கிளப்புக்குக் கொடுக்கிறார்கள்.

முன்கை சிவந்து எரிவதும் முதல் வாரங்களில் வழக்கம். முன்னாலேயே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். எடை குறைந்த பந்தும், முழுக்கைச் சட்டையும் இருந்தால் அந்த வாரங்கள் சுலபமாகக் கடந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டதாலேயே சிறுவர்கள் நின்றுபோவதுண்டு.

சர்வீஸ் விஷயத்தில் கிளப் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். வாலிபாலில் யார் தயவும் இல்லாமல் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியது சர்வீஸ் மட்டும்தான். பலமாக சர்வீஸ் போடும் ஒரு பையன் கிடைத்துவிட்டால், சிறுவர் ஆட்டத்தில் அவன் ஒருவனே செட்டை முடித்துவிடுவான். அவன் அணி ஜெயிக்கும். ஆனால் இரண்டு பக்கத்திலும் யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள், அவனும் சேர்த்துத்தான். தொடர்ந்து மூன்று புள்ளி எடுத்ததும் சர்வீஸ் அடுத்தவருக்குப் போய்விடும் என்று ஒரு கிளப் விதி போட்டால் இது தீர்ந்துவிடும். கடைக்கோடு வரை போகாமல் வலையிலிருந்து நான்கைந்து மீட்டர் தூரத்தில் நின்று அண்டர்ஹேண்டாகப் போடச் சொல்வதும் நல்லது. எதிரணி எடுக்கக்கூடிய சர்வீஸ்தான் இந்தக் கட்டத்தில் நல்ல சர்வீஸ்.

உயரத்தைப் பற்றிய பேச்சு எந்தக் கிளப்பிலும் வந்தே தீரும். வகுப்பிலேயே உயரமான பிள்ளை வந்தால் உடனே வலைக்கு முன்னால் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். பிளாக் போடு (எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே கையால் தடு), ஸ்மாஷ் அடி (ஓங்கி அடி), பின்னால் போகாதே. குட்டையான பிள்ளையைப் பின்வரிசையிலேயே வைத்துவிடுகிறார்கள். இதைவிட மோசமான முதலீடு இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு தலை உயரமாக இருந்த பிள்ளை பதினாறு வயதில் சராசரி உயரத்தில் நிற்கலாம். அப்போது அவனுக்குப் பாஸும் தெரியாது, பந்தைத் தூக்கிவிடவும் வராது. வாலிபாலின் ரொட்டேஷன் விதி எல்லோரையும் எல்லா இடத்துக்கும் சுற்றி வரச் செய்கிறது. தொடக்கத்தில் அந்த விதியை அதன் போக்கிலேயே வேலை செய்யவிட வேண்டும். யாருக்கும் நிரந்தர இடம் வேண்டாம், யாரையும் செட்டர் (பந்தைத் தூக்கிவிடுபவர்) என்று அழைக்கவும் வேண்டாம். பின்வரிசையில் பந்து எடுப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட லிபரோவை 1998-இல் சர்வதேச விதிகளே கொண்டுவந்துவிட்டன. உயரம் குறைந்தவருக்கு உச்சநிலை ஆட்டத்திலேயே ஓர் இடம் உண்டு என்றான பிறகு, உள்ளூர் கிளப்பில் உயரத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பதற்கு என்ன அவசியம்?

காயங்களில் வாலிபாலில் அதிகம் வருவது கணுக்கால் சுளுக்கு. வலைக்கு அருகில் துள்ளி இறங்கும்போது இன்னொருவரின் பாதத்தின் மேல் கால் பட்டு மடங்குவதுதான் அதன் வழக்கமான கதை. பாதம் நடுக்கோட்டைத் தாண்டினாலும் அதன் ஒரு பகுதி கோட்டின் மீதோ கோட்டுக்கு நேர் மேலோ இருக்கும்வரை சர்வதேச விதி அனுமதிக்கிறது. புதியவர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள், நடுக்கோட்டைத் தொட்டாலே புள்ளி போய்விடும் என்று வைத்துவிடுங்கள். பிளாக் சொல்லிக்கொடுக்கும் முன் இரண்டு காலிலும் இறங்குவதைச் சொல்லிக்கொடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்தால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்குத் துள்ளலை நிறுத்திவிட்டுப் பாஸ் பயிற்சிக்கு அனுப்பலாம். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். மோதிரம், வளையல், நீண்ட நகம் எல்லாம் களத்துக்கு வெளியே.

இதுவரை சொன்னது சாதனமும் முறையும். கிளப்பின் உண்மையான பலம் அங்கே இருக்கும் மனிதர்கள்தான். பள்ளியில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒன்றாக ஆடுவார்கள், எல்லோரும் ஒரே அளவில் தடுமாறுவார்கள். கிளப்பில் நாற்பது வயதுக்காரர் பதினான்கு வயதுப் பெண்ணின் பக்கத்தில் நிற்கிறார். அவர் அங்கே நிற்பதால் பந்து இன்னும் இரண்டு முறை காற்றில் எழும்புகிறது, அந்த இரண்டு முறையில் அவளுக்கும் ஒரு தொடுதல் கிடைக்கிறது. அதனால் அனுபவசாலிகளை வேறு மைதானத்துக்குப் பிரித்து அனுப்பாமல், களத்துக்கு ஒருவராக நிறுத்துவது புத்திசாலித்தனம். அவர்கள் ஸ்மாஷ் அடிக்க வேண்டியதில்லை. மோசமான முதல் பந்தை எடுத்து உயரமாகத் தூக்கிவிட்டால் போதும்.

குரல் கொடுக்கப் பழக்குவதும் அவர்கள் வேலைதான். இரண்டு பேருக்கு நடுவில் வரும் பந்து, இருவரும் நல்ல ஆட்டக்காரர்களாக இருந்தாலும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே விழவிடும் பந்து. "என் பந்து" என்று ஒருவர் முந்திக் கத்தினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கூச்ச சுபாவமுள்ள பதின்வயதினருக்கு அண்டர்ஹேண்ட் பாஸைவிட இதுதான் கடினம். பக்கத்தில் நிற்கும் மூத்தவர் ஒவ்வொரு பந்துக்கும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தால், சில வாரங்களில் மற்றவர்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

பெரியவர்களிலும் புதியவர்கள் உண்டு என்பதைக் கிளப்கள் மறந்துவிடுகின்றன. வாலிபால் முதன்முதலில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1964 டோக்கியோ போட்டியில். ஜப்பான் பெண்கள் அணி அங்கே தங்கம் வென்ற பிறகு, அந்த நாட்டில் 'மாமாசான் வாலிபால்' (அம்மாக்களின் வாலிபால்) என்ற இயக்கமே பரவியது. பள்ளி முடித்தபின் பந்தைத் தொடாத குடும்பப் பெண்கள் ஊர் ஊராகக் குழு சேர்ந்து, அணிக்கு ஒன்பது பேராக நின்று ஆடினார்கள். அந்தக் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அம்மா ஆடும் மைதானத்தின் ஓரத்தில் பந்தோடு விளையாடி வளரும் பிள்ளைக்குத் தனியாக எந்த அறிமுக முகாமும் தேவையில்லை.

உட்கார்ந்து ஆடும் வாலிபாலையும் புதியவர் மாலைகளில் சேர்க்கலாம். 1950-களில் நெதர்லாந்தில் உடல் ஊனமுற்றோருக்காக உருவான ஆட்டம் அது. மைதானம் 10-க்கு 6 மீட்டர். வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். 1980 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டால் உயரமும் துள்ளலும் கணக்கில் வராது. நடக்க முடியாதவரும் ஓடி ஆடுபவரும் ஒரே அணியில் இருக்கலாம். கையை மட்டும் நம்பி ஆட வேண்டியிருப்பதால், நின்று ஆடுபவர்களுக்கும் பந்தைக் கையாளும் விதம் வெகு சீக்கிரம் மேம்படும்.

பல கிளப்கள் ஒரு விஷயத்தில் தடம் மாறுகின்றன. புதியவர் வகுப்பை, போட்டி அணிக்கு ஆள் எடுக்கும் சல்லடையாக நினைக்கிறார்கள். நாற்பது பேர் வந்தால் அதில் நான்கு பேரைப் பார்த்து வைத்துக்கொண்டு, மீதிப் பேரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். போட்டி அணி வேண்டாம் என்பதில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு மாலை ஆடிவிட்டுப் போக மட்டுமே விரும்புபவருக்கும் கிளப்பில் நிரந்தர இடம் இருக்க வேண்டும். நாளைக்கு ஸ்கோர் எழுதுபவரும், நடுவராக விசில் பிடிப்பவரும், தன் பிள்ளையைக் கூட்டி வருபவரும், கூரை ஒழுகினால் ஆள் திரட்டுபவரும் அவர்களில் இருந்துதான் வருவார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் எட்டு வயதுக் குழு ஒன்றை, பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஒப்படைத்துப் பாருங்கள். அவள் கிளப்பை விட்டுப் போக மாட்டாள், அவளுடைய பாஸும் திருந்தும்.

முழு ஆட்டத்துக்கு எப்போது மாறுவது? வயதோ மாதக் கணக்கோ இதற்கு உதவாது. இரண்டாவது தொடுதலைக் கவனியுங்கள். முதல் பந்து ஓரளவுக்கு நடுவில் எழும்ப, யாரும் சொல்லாமலே ஒருவர் அதன் கீழே போய் நின்று இன்னொருவருக்குத் தூக்கிவிடுகிறார் என்றால், அந்தக் குழு தயார். மூன்று பேரிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஆறு என்று கூட்டிக்கொண்டே மைதானத்தையும் பெரிதாக்கலாம். ஆறு பேராக ஆடும் முதல் சில வாரங்களில் சர்வீஸ் இல்லாமல், பயிற்சியாளர் ஓரத்திலிருந்து எறியும் பந்தில் ஒவ்வொரு புள்ளியையும் தொடங்குங்கள், இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறி. சர்வீஸை அப்புறம் சேர்க்கலாம், முதலில் ஆறு மீட்டரிலிருந்து, பிறகு கடைக்கோட்டிலிருந்து.